கையும் களவுமாகப் பிடிக்க வேண்டிய கோளாறு

ஒரேயடியாக நின்றுபோன வண்டியைச் சரிசெய்வது எளிது. கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் எங்கேயாவது அகப்பட்டுவிடும். காலையில் எடுத்து, மதியம் மக்கர் செய்து, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி எடுக்கிற வண்டிதான் ஆளைப் படுத்தும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே முதல் செல்ஃபிலேயே எடுக்கும். "நல்லாத்தானே இருக்கு சார்" என்பார். அவர் பார்த்தவரையில் அது உண்மை. பிறகு சந்தேகத்தின் பேரில் ஒரு பிளக் செட், அடுத்த முறை காயில், அதற்கடுத்து பேட்டரி, செல்ஃப் மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றுவோம். பாதி வண்டி புதிதாகியிருக்கும், கோளாறு மட்டும் பழையதாகவே இருக்கும்.

ஆகவே முதல் விதி: வண்டி நன்றாக ஓடும்போது எந்தச் சாமானையும் மாற்றாதீர்கள். காய்ச்சல் அடிக்கும்போதுதான் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். வண்டி எடுக்க மறுக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் கோளாறு தன்னைக் காட்டிக்கொடுக்கும் நேரம். அப்போது பக்கத்தில் இருப்பது மெக்கானிக் அல்ல, நீங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

கார்பரேட்டர் காலத்து மாருதி 800, ஆம்னி இரண்டையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். 800 வந்தது 1983 டிசம்பரில். வேன் அடுத்த ஆண்டு வந்தது, அதற்கு ஆம்னி என்ற பெயர் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். 800 தயாரிப்பு 2014இலும் ஆம்னி 2019இலும் நின்றுவிட்டன. ஆனாலும் திருவண்ணாமலையில் டிஎன் 25 நம்பரோடு இன்னும் ஓடும் பழைய வண்டிகளில் இவற்றைப் பார்க்காமல் ஒரு நாள் போகாது. பூ மூட்டை, காய்கறி, பள்ளிப் பிள்ளைகள், கிரிவலத்துக்கு வரும் உறவுக்காரர்கள் என்று எல்லாவற்றையும் சுமக்கின்றன. அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொல்லும் முறை பொருந்தும். சாமான் இருக்கும் இடம்தான் மாறும்.

செல்ஃப் சுற்றுகிறதா?

வண்டி எடுக்கவில்லை என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு நோய்களை ஒரே பெயரில் சொல்கிறோம். சாவியைத் திருப்பினால் செல்ஃபே சுற்றவில்லை என்பது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை என்பது மற்றொன்று. முதல் வகையில் பிளக்கையும் கார்பரேட்டரையும் தொடவே வேண்டாம். இரண்டாம் வகையில் பேட்டரி பெரும்பாலும் நிரபராதி. இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தாலே பாதிச் செலவு மிச்சம்.

செல்ஃப் சுற்றவில்லை என்றால் வண்டிக்குள் இருக்கும் ரூம் லைட்டைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்தபடி சாவியைத் திருப்புங்கள். லைட் சட்டென்று மங்கி அணையப் போவதுபோல் ஆனால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் பிடிப்பு போய்விட்டது. லைட் பளிச்சென்று இருக்க, "டக்" என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்தால், செல்ஃப் மோட்டார் அல்லது அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சாலினாய்டு. ஸ்பானர் பிடியால் செல்ஃப் மோட்டாரின் உடம்பில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். தட்டித் தட்டி இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், பிரஷ் அதிக விலையுள்ள சாமான் அல்ல. லைட்டும் பளிச், சத்தமும் இல்லை என்றால் சாவி ஸ்விட்சிலிருந்து சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயரில் கரண்ட் போகவில்லை.

அந்த மெல்லிய ஒயர் பழைய மாருதிகளில் பலருக்கும் தெரியாத எதிரி. இருபது, முப்பது ஆண்டு திருப்பித் திருப்பி சாவி ஸ்விட்சின் உள் காண்டாக்ட் கரிந்திருக்கும். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் சாலினாய்டுக்கு எட்டு, ஒன்பதுதான் போய்ச் சேரும். குளிர்ந்த எஞ்சினில் அது போதும். எஞ்சின் சூடாகி, சாலினாய்டும் சூடாகிவிட்டால் போதாது. டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் வராது, ஆறியதும் எடுக்கும். இதற்கு செல்ஃப் மோட்டாரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாதாரண நாலு பின் ரிலேயைப் போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராக சாலினாய்டுக்கு ஒயர் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்தது. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

எர்த் ஒயர்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு தடித்த ஒயர் பாடிக்கும் எஞ்சினுக்கும் போகிறது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால், இந்த ஒயரும் பின்னிய செம்புப் பட்டையும் இல்லாவிட்டால் அதற்கு எர்த் கிடையாது. அந்தப் பட்டை போல்ட்டோடு சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். மேலே கிரீஸும் புழுதியும் படிந்திருக்கும். துடைத்தால் செம்பு பச்சைப் பூத்திருக்கும், அடியில் இரும்பு துருப்பிடித்திருக்கும். வளைத்துப் பார்த்தால் இழைகள் பொடியாக உதிரும். கண்ணுக்கு இறுக்கமாகத் தெரிந்த போல்ட்டு, கரண்ட்டைப் பொறுத்தவரை தளர்ந்துதான் கிடந்திருக்கிறது.

இது ஏன் சில நேரம் மட்டும் தொல்லை தருகிறது? செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஜாயின்ட்டில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ட் அங்கேயே கரைந்துபோகும். தடை இன்னும் கொஞ்சம் கூடினால் மோட்டார் திணறும். எஞ்சின் அதிர்வில் பட்டை ஒரு மயிரிழை நகர்ந்தால் தொடர்பு நன்றாகிவிடும், அடுத்த குழியில் மறுபடி கெடும். ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்வது தவறு. அவற்றுக்குத் தேவையான கரண்ட் மிகக் குறைவு.

பார்க்கும் முறை இது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள், கிளாம்ப்பின் மேல் அல்ல. சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத வெற்று உலோகத்தில் வையுங்கள். இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் 0.2, 0.3 என்று காட்டினால் பரவாயில்லை. 0.5ஐத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. இதேபோல பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த ஒயர் போல்ட்டுக்கும் இடையே பாருங்கள். அங்கேயும் அரை வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

அப்படியே பேட்டரியையும் பார்த்துவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8லிருந்து 14.4க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது.

சுத்தம் செய்ய ஆப்ப சோடா கரைத்த தண்ணீர், கம்பி பிரஷ், உப்புத்தாள் போதும். கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது மைனஸைக் கடைசியில். உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, அதன் பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பட்டையின் இழைகள் உதிர்ந்திருந்தால் புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள்.

செல்ஃப் சுற்றியும் பற்றவில்லை

இங்கே ஊரின் பருவமே பாதி நோயைச் சொல்லிவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. அந்த மதியங்களில் மட்டும் மக்கர் செய்தால் சூட்டினால் கெடும் சாமானைத் தேட வேண்டும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் ஐப்பசி, கார்த்திகையில், தீபத்தை ஒட்டிய ஈரமான இரவுகளில் மட்டும் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் ஒயர். மார்கழி விடியற்காலையில் மட்டும் என்றால் சோக் கேபிள், தளர்ந்த பேட்டரி.

ஈர நோயைப் பிடிக்க இருட்டு வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினைப் பாருங்கள். பிளக் ஒயர்களின் மேல் மெல்லிய நீலப் பொறி ஓடினால் கரண்ட் வழியிலேயே ஒழுகுகிறது என்று அர்த்தம். கையால் தொட்டுவிடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சில் கோடுபோல் கறுப்புக் கீறல் தெரிந்தால் அது கரிந்த பாதை. துடைத்தால் இரண்டு நாள் தாங்கும், மூடியை மாற்றினால்தான் தீரும்.

சூட்டு நோய் இன்னும் சுவாரசியமானது. இரண்டு சந்தேக நபர்கள் இருக்கிறார்கள், இருவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள். ஒருவர் இக்னிஷன் காயில். சூடேறியதும் உள்ளே சுற்றிய மெல்லிய கம்பி எங்கோ விட்டுப்போய், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். மற்றவர் பெட்ரோல். இந்த வண்டிகளின் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மலை ஏறி வண்டியை நிறுத்துகிறீர்கள். ஓடும்போது இருந்த காற்று நின்றுவிட்டதால் எஞ்சின் பகுதியின் சூடு நிறுத்திய பிறகுதான் உச்சத்துக்குப் போகும். பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் ஆவியைத்தான் தள்ளும். நம் ஊரில் இதை ஏர் லாக் என்பார்கள். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் சூடு வெளியேற வழி இன்னும் குறைவு.

இருவரையும் பிரிக்க ஒரு ஈரத்துணி போதும். செல்ஃப் சுற்றியும் பற்றவில்லை என்றதும், துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, பெட்ரோல் பம்பின் மேலும் குழாயின் மேலும் போடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து எடுத்தால் ஏர் லாக். எடுக்காவிட்டால், சாவியை அணைத்துவிட்டு, துணியைக் காயிலின் உடம்பின் மேல் வையுங்கள், மேலே உள்ள டெர்மினலில் ஈரம் படாமல். அதில் எடுத்தால் காயில். பதறிப்போய் இரண்டின் மேலும் ஒரே நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. வண்டி எடுத்துவிடும். யார் குற்றவாளி என்பது தெரியாமலே போய்விடும், அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்பீர்கள். ஒன்று முடிந்து மற்றொன்று என்பதில் பிடிவாதமாக இருங்கள்.

ஸ்பார்க் பார்ப்பதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். கூடுதலாக ஒரு நல்ல பிளக்கை வண்டியில் வைத்திருங்கள். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி அதை இந்தப் பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடம்பு எஞ்சினில் நன்றாகப் படும்படி வைத்து, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் "சட் சட்" என்று அடித்தால் கரண்ட் பக்கம் சரி, பெட்ரோல் பக்கம் போகலாம். மஞ்சளாக, சோர்வாக வந்தாலோ வராமலே போனாலோ காயில், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். ஒயரை எதிலும் படாமல் தொங்கவிட்டு செல்ஃப் அடிக்காதீர்கள், எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளில் அது இக்னைட்டரையே கெடுத்துவிடும். பெட்ரோல் வாசனை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். ஆம்னியில் எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்து, எல்லோரும் இறங்கிய பிறகுதான். கேஸில் ஓடும் வண்டியில் ஒருபோதும் வேண்டாம்.

பெட்ரோல் பக்கம் இரண்டு சிறு குறிப்புகள். சாவியை ஆன் செய்யும்போது கார்பரேட்டரிலிருந்து "டிக்" என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். அது பெட்ரோலைத் திறந்துவிடும் சாலினாய்டு. சத்தம் வராத நாட்களில் மட்டும் வண்டி எடுக்கவில்லை என்றால் அதன் ஒயரைப் பாருங்கள். நெடி மூக்கைத் துளைக்கும்படி பெட்ரோல் வழிந்திருந்தால், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். திரும்பத் திரும்ப மிதித்தால் இன்னும் பெட்ரோல்தான் இறங்கும். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃபைச் சுற்றவிடாமல், இடையில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அப்படியொன்று இல்லை. எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பம்பின் டயஃப்ரத்தையும் உப்பவைக்கும், வெடிக்கவைக்கும். தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த கசடைக் கிளப்பி ஜெட்டில் கொண்டுபோய் அடைக்கும். ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பல வாரம் ஓடாமல் நின்ற வண்டி எடுக்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எத்தனால் தாங்கும் குழாயாகக் கேட்டு வாங்கி மொத்தக் குழாயையும் மாற்றுங்கள், ஃபில்டரை அடிக்கடி பாருங்கள், மழைக்காலத்தில் தொட்டியைக் காலியாக வைத்திருக்காதீர்கள்.

2000ஐ ஒட்டி வரத் தொடங்கிய எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் கார்பரேட்டர் இல்லை, ஆனால் முறை அதேதான். சாவியை ஆன் செய்ததும் தொட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடி "உர்ர்" என்று பம்ப் சத்தம் வர வேண்டும். வராத நாளில் எடுக்கவில்லை என்றால் பம்ப் ரிலே அல்லது பம்ப். சத்தம் வந்தும் சூட்டில் மட்டும் எடுக்கவில்லை என்றால் எஞ்சின் சுற்றுவதைக் கணக்கிடும் சென்சாரைச் சந்தேகியுங்கள். இவற்றை அடிக்கடி தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் உள்ள கன்வர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும்.

பௌர்ணமி இரவு

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி அன்று அதில் வண்டிகளுக்குத் தடை. ஊருக்கு வரும் ஒவ்வொரு சாலையிலும் வெளியே தற்காலிக நிறுத்தம் போடுவார்கள். அதுவரை செங்கம் ரோட்டிலோ காஞ்சி ரோட்டிலோ பத்தடி நகர்ந்து, நிறுத்தி, அணைத்து, மறுபடி எடுத்து என்று போக வேண்டியிருக்கும். பழைய வண்டிக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பேட்டரியிலிருந்து எடுக்கிறது. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுப்பது குறைவு. லைட்டும் பாட்டும் வேறு. எஞ்சின் சூடும் அடங்குவதில்லை. வண்டி அன்றைக்குத்தான் நிற்கிறது என்பதால் அன்றைக்குத்தான் கெட்டது என்று அர்த்தமில்லை. மாதம் முழுக்க இருந்த பலவீனம் அன்று வெளியே வருகிறது.

வரிசை நகரும் என்று தெரிந்தால் அடிக்கடி அணைக்காதீர்கள். நிறுத்தத்தில் போட்டதும் 800 என்றால் பானெட்டை, ஆம்னி என்றால் சீட்டைச் சற்று நேரம் தூக்கிவைத்துச் சூட்டை வெளியேற்றுங்கள். அங்கே எடுக்கவில்லை என்றால் ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். இருட்டில், வெறுங்காலோடு, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நடந்துகொண்டிருப்பார்கள். வண்டி பற்றிக்கொண்டு பாயும் அந்த ஒரு நொடியில் யார் முன்னால் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஜம்பர் கேபிள் வைத்திருங்கள், காத்திருங்கள். காலியான சாலையில், பகலில், செகண்ட் கியரில் தள்ளிப் பார்ப்பது வேறு விஷயம். கார்பரேட்டர் வண்டி தள்ளினால் எடுத்து, செல்ஃபில் எடுக்கவில்லை என்றால் அதுவே பேட்டரி, செல்ஃப் பக்கம் பழுது என்பதற்குச் சான்று.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது

டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். வண்டி மக்கர் செய்த ஒவ்வொரு தடவையும் நாலு வரி எழுதுங்கள். இப்படி: "வைகாசி, மதியம் 2 மணி. 20 கிலோமீட்டர் ஓடி, கால் மணி நேரம் நின்றது. செல்ஃப் நன்றாகச் சுற்றியது. பெட்ரோல் வாசனை இல்லை. பம்பில் ஈரத்துணி, பயனில்லை. காயிலில் ஈரத்துணி, எடுத்தது." இதைப் படித்த மெக்கானிக் வேறு எதையும் கழற்ற மாட்டார்.

"அண்ணே, அப்பப்ப எடுக்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவர் நல்லவராகவே இருந்தாலும் ஊகத்தில்தான் வேலை செய்ய முடியும், ஊகத்துக்கான காசு உங்களுடையது. முடிந்தால், எடுக்காத நேரத்தில் செல்ஃப் அடித்த சத்தத்தை போனில் பதிவுசெய்து போட்டுக்காட்டுங்கள். அனுபவசாலிக்கு அந்தச் சத்தமே பாதிச் செய்தி. மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி, மூன்று மாதம் வைத்திருங்கள். கோளாறு திரும்பி வந்தால் அந்தச் சாமான் குற்றமற்றது, அதுவே உங்கள் உதிரி.

அடுத்த பௌர்ணமிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எர்த் ஒயரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடுங்கள். முக்கால் மணி நேர வேலை, 12 எம்.எம். ஸ்பானரும் 10 எம்.எம். ஸ்பானரும் பெரும்பாலும் போதும்.